மைக் இல்லாமல் கிட்டார் ஆம்ப் ரெக்கார்டிங்: குறையைக் கேட்டுக் காரணத்தைப் பிடிப்பது

மைக்கை ஒதுக்கிவிட்டு ஆம்பிலிருந்து நேராக இன்டர்ஃபேஸுக்கு (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டி) ஒயர் போட்டால், மைக்கோடு சேர்ந்து ஸ்பீக்கரும் போய்விடுகிறது. பலரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. கிட்டார் ஸ்பீக்கர், பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கரைப் போல வருவதை வந்தபடி ஒலிப்பதில்லை. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவெனச் சரிந்துவிடும். அடியில் 70, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் பெரிதாக ஒன்றும் வராது. நாம் ஆம்ப் சவுண்டு என்று ரசிப்பதில் பாதி இந்த வெட்டுதான்.

அதனால் குறை எதுவானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்த லைனில் ஸ்பீக்கரின் வேலையை யார் செய்கிறார்கள்? ஆம்பின் எமுலேட்டட் அவுட்டா (ஸ்பீக்கரின் வெட்டை உள்ளேயே போலி செய்து தரும் சாக்கெட்), லோடு பாக்ஸா (ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் பெட்டி), கம்ப்யூட்டரில் இருக்கும் ஐஆர் பிளகினா (கேபினெட்டின் ஒலியை அளந்து எடுத்த ஃபைலை ஓட்டுவது)? ஒரே ஒருவர் செய்ய வேண்டும். யாருமே செய்யாவிட்டால் ஒரு தொல்லை, இரண்டு பேர் செய்தால் வேறொரு தொல்லை. ஹம் (ரீங்காரம்), கிளிப்பிங் (லெவல் மிஞ்சி அலை வெட்டுப்படுவது), தாமதம் போன்ற சில இந்தக் கேள்விக்குள் அடங்காதவை.

எதையும் ஆன் செய்யும் முன்

ட்யூப் ஆம்பை ஸ்பீக்கரோ லோடோ இல்லாமல் ஓட்டக் கூடாது. சுமை இல்லாமல் சிக்னல் போனால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் வோல்டேஜ் எகிறும். ட்யூப் சாக்கெட்டில் பொறி பறக்கும், டிரான்ஸ்ஃபார்மர் காயிலின் இன்சுலேஷன் கருகும். மாஸ்டரைப் பூஜ்யத்தில் வைத்திருக்கிறோமே என்று நம்பி உட்காராதீர்கள், குமிழில் கை பட்டால் போதும். சாலிட் ஸ்டேட் ஆம்பின் கதை வேறு. ஸ்பீக்கரைக் கழற்றினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் ஸ்பீக்கர் ஒயர் ஷார்ட் ஆனால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் காலி.

ஸ்பீக்கர் அவுட்டை இன்டர்ஃபேஸில் நேராகச் செருகுவது இரண்டு பக்கமும் ஆபத்து. 50 வாட் ஆம்ப் 8 ஓமில் முழு வீச்சில் 20 வோல்ட் தள்ளும். சாதாரண இன்டர்ஃபேஸின் லைன் இன்புட் 5 முதல் 10 வோல்ட் வரைதான் தாங்கும். அதோடு அந்த இன்புட்டின் இம்பீடன்ஸ் (ஏசி சிக்னலுக்கான தடை) ஆயிரக்கணக்கான ஓம் என்பதால், ஆம்பைப் பொறுத்தவரை அங்கே லோடே இல்லை.

இன்னொரு இடத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். ஹியூஸ் அண்ட் கெட்னர் ரெட் பாக்ஸ், பால்மர் பிடிஐ-09 போன்ற பெட்டிகள் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து சிக்னலைக் கொஞ்சம் எடுத்துத் தருபவை மட்டுமே. அவை லோடு அல்ல. அவற்றின் த்ரூ சாக்கெட்டில் ஸ்பீக்கர் மாட்டியிருக்க வேண்டும். சத்தமில்லாமல் ரெக்கார்டு செய்ய வேண்டுமானால் டூ நோட்ஸ் கேப்டர், சூர் ரியாக்டிவ் லோடு மாதிரியான உண்மையான லோடு பாக்ஸ் தேவை. கேப்டர் 4, 8, 16 ஓமுக்குத் தனித்தனி மாடலாக வருகிறது. உங்கள் ஆம்பின் எந்த சாக்கெட்டில் மாட்டப் போகிறீர்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆம்பிலிருந்து லோடுக்குப் போவது ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும். கிட்டார் கேபிளும் அதே பிளக்தான், பொருந்தும். ஆனால் உள்ளே இருக்கும் கம்பி மெல்லியது. சூடாகி நடுவில் அறுந்தால் லோடு இல்லாத நிலை வந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஆம்பை அணைத்து, கேபிளின் ஆம்ப் முனையை வெளியே எடுத்து, பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் நடுவே மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பாருங்கள். மறுமுனையில் 8 ஓம் ஸ்பீக்கர் இருந்தால் 6 முதல் 7 ஓம் காட்டும், 16 ஓம் ஸ்பீக்கருக்கு 11 முதல் 13. மீட்டர் எல்லையற்றது என்று காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது, 1 ஓமுக்குக் கீழே காட்டினால் ஷார்ட். கேபிளை ஆட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். அசையாமல் வைத்துப் பார்த்தால் பாதி அறுந்த சால்டர்கூட நல்லதாகத்தான் தெரியும்.

சத்தமே இல்லை, அல்லது கிணற்றுக்குள்ளிருந்து எதிரொலி மட்டும் வருகிறது

சத்தமே இல்லாவிட்டால் பார்க்க வேண்டியவை எளிமையானவை. ரெக்கார்டிங் மென்பொருளில் சரியான இன்புட் எண் தேர்வாகியிருக்கிறதா, டிராக் ஆர்ம் (ரெக்கார்டுக்குத் தயார்) ஆகியிருக்கிறதா, ஆம்ப் ஸ்டாண்ட்பையில் கிடக்கிறதா. சில லோடு பாக்ஸ்களின் எக்ஸ்எல்ஆர் அவுட் 48 வோல்ட் ஃபேன்டம் பவரோ தனி அடாப்டரோ இருந்தால்தான் உயிர் பெறும். ஃபேன்டம் பவர் மைக் கேபிள் வழியாக மட்டுமே போகும். இன்டர்ஃபேஸின் காம்போ சாக்கெட்டில் ஜாக் பிளக்கைச் செருகினால் போகாது.

எதிரொலி மட்டும் வருவதுதான் உண்மையில் குழப்புகிற கேஸ். பிராக்டிஸ் ஆம்பின் ஹெட்போன் அவுட்டிலிருந்து ஸ்டீரியோ கேபிளால் இன்டர்ஃபேஸின் ஒரே இன்புட்டுக்குப் போட்டிருப்பீர்கள். ஆம்ப் அந்தக் கேபிளின் இரண்டு கம்பிகளில் இடது, வலது என அனுப்புகிறது. இன்டர்ஃபேஸோ அதை பேலன்ஸ்டு சிக்னல் என்று எடுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறது. கிட்டார் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் கழிந்து போகும். ஸ்டீரியோ ரிவர்ப், கோரஸ் போல இரண்டு பக்கமும் வேறுபடுபவை மட்டும் மிஞ்சும். ஹெட்போனில் கேட்டால் அருமையாக இருக்கும், ரெக்கார்டிங்கில் பேய்ச் சத்தம்.

ஒரு முனையில் ஸ்டீரியோ ஜாக்கும் மறுமுனையில் இரண்டு மோனோ ஜாக்கும் உள்ள ஒய் கேபிள் வாங்கி, இன்டர்ஃபேஸின் இரண்டு லைன் இன்புட்டுகளில் மாட்டினால் சரியாகிவிடும். இரண்டில் ஒன்றை மட்டும் ரெக்கார்டு செய்தாலும் போதும். மோனோ கேபிளை ஹெட்போன் சாக்கெட்டில் செருகி முடித்துவிடலாம் என்று தோன்றும். அது வலது சேனலை கிரவுண்டோடு ஷார்ட் செய்வதாகும். எல்லா ஆம்பும் அதைப் பொறுத்துக்கொள்ளாது.

காதோரம் கொசு மாதிரி ஒரு ஙொய், டிஸ்டார்ஷன் போட்டால் இன்னும் மோசம்

லைனில் ஸ்பீக்கர் இல்லை. இதைத் தவிர வேறு காரணம் அபூர்வம். டிஸ்டார்ஷன் 10 கிலோஹெர்ட்ஸ் தாண்டியும் ஹார்மோனிக்ஸ் கிளப்புகிறது. ஸ்பீக்கர் இருந்தால் அதெல்லாம் காதுக்கே வராது. எஃபெக்ட்ஸ் லூப் சென்டிலிருந்தோ (பிரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் சிக்னல் வெளியே வரும் சாக்கெட்), பிரீஆம்ப் அவுட்டிலிருந்தோ, லோடு பாக்ஸின் சாதா லைன் அவுட்டிலிருந்தோ எடுத்தால் அத்தனையும் அப்படியே வந்து விழும்.

ட்ரெபிளைக் குறைத்துப் பார்க்கிறார்கள், பயனில்லை. ஆம்பின் ட்ரெபிள் குமிழ் இழுப்பது வேறு இடத்தை. பாட்டின் தெளிவு போய்விடும், கொசு அங்கேயே இருக்கும். இதற்கு ஐஆர் வேண்டும். ஒரு கேபினெட்டையும் மைக்கையும் சேர்த்து அளந்து எடுத்த சிறிய வேவ் ஃபைல் அது. இக்னைட் ஆம்ப்ஸின் நாடிர் போன்ற இலவச லோடர் ஒன்றை டிராக்கில் போட்டு அதில் ஐஆரைத் திறந்தால் போதும். ரீப்பர் வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே ரியாவெர்ப் இருக்கிறது, அதன் ட்ரை குமிழை முழுவதும் இறக்கிவிட வேண்டும். இறக்காவிட்டால் வெட்டாத சத்தமும் கூடவே ஒழுகும், அதே கொசுதான்.

ஐஆர் போட்டும் சத்தம் மெலிந்து, ஏதோ சின்ன ஸ்பீக்கர் மாதிரி கேட்டால் சாம்பிள் ரேட்டைப் பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் எடுத்த ஐஆரை 48 கிலோஹெர்ட்ஸ் புராஜெக்டில் மாற்றாமல் படித்தால் கேபினெட்டின் குணமே கிட்டத்தட்ட 9 சதவீதம் மேலே நகர்ந்துவிடும். நல்ல லோடர்கள் தாமே மாற்றிக்கொள்ளும். சில பெடல்கள் மாற்றாது. ஐஆரின் நீளமும் ஒரு விஷயம். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்பது 21 மில்லிசெகண்டுதான், அடித்தட்டு பேஸ் கொஞ்சம் வெட்டுப்படும். 2048 இருந்தால் தாராளம்.

ஐஆர் கைவசம் இல்லாத நேரத்தில் ஈக்வலைசரே ஓரளவு ஒப்பேற்றும். 5 கிலோஹெர்ட்ஸில் ஆக்டேவுக்கு 24 டெசிபெல் சரிவுள்ள லோ பாஸ், 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ், 400 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபெல் இறக்கம், 2.5 கிலோஹெர்ட்ஸில் 2, 3 டெசிபெல் ஏற்றம். கேபினெட் என்று சொல்ல முடியாது, ஆனால் கொசு போய்விடும். டெமோவுக்கு நடக்கும்.

சென்டிலிருந்து எடுக்கிறவர்களுக்கு ஒரு உபகுறிப்பு. ப்ரெசென்ஸ், ரெசனன்ஸ் குமிழ்களைத் திருகினால் எந்த மாற்றமும் வராது. அது கோளாறு இல்லை. அவை பவர் ஆம்பில் இருப்பவை, சிக்னலை நீங்கள் அதற்கு முன்பே எடுத்துவிட்டீர்கள். மாஸ்டரும் பல ஆம்புகளில் லூப்புக்குப் பிறகுதான் வரும் என்பதால் அதைப் பூஜ்யத்தில் வைத்துச் சத்தமில்லாமல் ரெக்கார்டு செய்யலாம். ஸ்பீக்கரைக் கழற்றாமல்தான்.

மந்தமாக, மூடிக்கொண்டு கேட்கிறது

முந்தையதற்கு நேர் எதிர். ஸ்பீக்கரின் வேலையை இரண்டு பேர் செய்கிறார்கள். மார்ஷல் டிஎஸ்எல்40சிஆரின் எமுலேட்டட் அவுட், பாஸ் கட்டானாவின் ஹெட்போன் அவுட் போன்றவற்றில் கேபினெட் வேலை உள்ளேயே முடிந்துவிடுகிறது. அதன் மேல் கம்ப்யூட்டரில் ஐஆரும் போட்டால் 5 கிலோஹெர்ட்ஸ் வெட்டு இரண்டு முறை விழும். லோடு பாக்ஸில் கேப் சிமுலேஷன் சுவிட்ச் ஆன் ஆகிக் கிடப்பது, மல்டிஎஃபெக்ட்ஸ் பெடலின் பேட்சில் கேப் பிளாக் ஒளிந்திருப்பது, ஆம்ப் சிமுலேட்டர் பிளகினுக்குள் கேபினெட் பக்கம் தானாக ஆன் ஆகியிருப்பது என்று இது வரும் வழிகள் பல.

சோதிப்பது எளிது. ஐஆர் பிளகினை பைபாஸ் செய்யுங்கள். கொசு வந்தால் ஐஆர் ஒன்றுதான் கேபினெட், மந்தத்துக்குக் காரணம் வேறு. சத்தம் தெளிந்து இயல்பானால் இரண்டு கேபினெட் இருந்திருக்கிறது. எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால், பிற்பாடு மாற்ற வசதியாக கம்ப்யூட்டரில் உள்ளதை வைத்துக்கொண்டு ஆம்பில் உள்ளதை அணைப்பதே நல்லது. அணைக்க சுவிட்ச் இல்லாத ஆம்பானால் ஐஆரை எடுத்துவிடுவதைத் தவிர வழியில்லை.

கேபினெட் ஒன்றே இருந்தும் மந்தம் என்றால், கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸில் மாட்டி ஆம்ப் சிமுலேட்டர் வழியாகப் போகிறவர்கள் இன்ஸ்ட்ருமென்ட் பொத்தானைப் பாருங்கள். பாஸிவ் பிக்கப் 1 மெகா ஓம் இன்புட்டை எதிர்பார்க்கிறது. லைன் இன்புட் சுமார் 10 கிலோ ஓம்தான். பிக்கப் அதில் திணறி, ஹை முழுவதும் கரைந்து, வால்யூமும் விழும். ஆம்பின் லைன் அவுட்டிலிருந்து வருபவர்களுக்கு இதே பொத்தான் எதிர்மாறு. அவர்கள் லைனில் வைக்க வேண்டும், இன்ஸ்ட்ருமென்டில் வைத்தால் கெயின் பூஜ்யத்தில் இருந்தாலும் சிவப்பு விளக்கு எரியும்.

எல்லாம் சரி, ஆனால் உப்புச்சப்பில்லாமல் தட்டையாக இருக்கிறது

இந்தக் குறை ட்யூப் ஆம்பை வெறும் ரெசிஸ்டர் லோடில் ஓட்டுபவர்களுக்கு வரும். அலுமினிய உறை போட்ட 8 ஓம் ஒயர்வுண்டு ரெசிஸ்டர் ஒன்றை ஹீட் சிங்கில் திருகி வைத்தால் ஆம்ப் பத்திரமாக இருக்கும், செலவும் சொற்பம். சத்தம்தான் செத்துப்போகும்.

8 ஓம் ஸ்பீக்கர் என்று எழுதியிருந்தாலும் அது எல்லா ஃப்ரீக்வென்சியிலும் 8 ஓம் அல்ல. கேபினெட்டில் இருக்கும்போது 100 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு குன்று மாதிரி பல மடங்கு ஏறும், 400 ஹெர்ட்ஸ் பக்கம் 8 ஓமை ஒட்டி இறங்கும், பிறகு வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸால் மேலே போகப் போக மறுபடி ஏறிக்கொண்டே இருக்கும். ட்யூப் பவர் ஆம்ப் இம்பீடன்ஸ் எங்கே ஏறுகிறதோ அங்கே கூடுதல் வோல்டேஜ் தரும். லோ ஸ்டிரிங்கை மியூட் செய்து அடிக்கும்போது வரும் அந்த தம் என்ற அடியும், மேலே வரும் பளபளப்பும் இப்படிக் கிடைப்பவை. ரெசிஸ்டர் எல்லா இடத்திலும் 8 ஓம் என்பதால் இரண்டும் காணாமல் போகின்றன. நெகட்டிவ் ஃபீட்பேக் (அவுட்புட்டில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பித் திருத்தும் அமைப்பு) இல்லாத வாக்ஸ் ஏசி30 வகை ஆம்புகளில் இழப்பு அதிகம், ஃபீட்பேக் பலமாக உள்ளவற்றில் குறைவு.

நல்ல ஐஆர் தேடி அலைவது இங்கே வீண். கேபினெட் ஐஆரில் ஸ்பீக்கர் எப்படி ஒலித்தது என்பது மட்டும் இருக்கும், அது உங்கள் ஆம்பை எப்படி இழுத்தது என்பது இருக்காது. ரியாக்டிவ் லோடு பாக்ஸ் வாங்குவதே முழு மருந்து. காயிலும் கெப்பாசிட்டரும் வைத்து அந்தக் குன்றையும் ஏற்றத்தையும் போலி செய்கிறது அது. பணம் இல்லையென்றால் ஐஆருக்கு முன்னால் ஒரு ஈக்வலைசர் போட்டு 100 ஹெர்ட்ஸில் 3, 4 டெசிபெல் மணி வடிவ ஏற்றமும், 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதே அளவு ஷெல்ஃபும் கொடுத்துப் பாருங்கள். பவர் ட்யூபுகள் கிளீனாக இருக்கும் வரை இது நன்றாகவே ஏமாற்றும். ட்யூபுகளை முழுக்க முறுக்கி டிஸ்டார்ட் செய்து வாசிப்பவர்களுக்கு ஈக்வலைசர் பாதிக் கிணறுதான் தாண்டும். ஏனென்றால் அங்கே ஏற்றம் டிஸ்டார்ஷனுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

வெடிக்கிறது, பிசிறுகிறது

ஆம்ப் டிஸ்டார்ஷன் வேறு, கிளிப்பிங் வேறு. கிட்டாரின் வால்யூமைப் பாதியாக்கினால் ஆம்ப் டிஸ்டார்ஷன் மெல்லக் குறையும். கன்வெர்ட்டர் கிளிப்பிங் ஒரு புள்ளியில் சட்டென நின்றுவிடும். மீட்டரில் உச்சம் −12 டெசிபெல் அருகே இருந்தால் போதும், 24 பிட்டில் அதற்கு மேல் ஏற்றுவதால் ஒரு லாபமும் இல்லை. கெயின் முழுக்கக் குறைத்தும் சிவப்பு என்றால் லைன் அவுட்டின் லெவலைக் குறையுங்கள், அல்லது சிக்னலைக் குறைக்கும் பேட் பொத்தானை இன்டர்ஃபேஸில் அழுத்துங்கள். சூடான ஹம்பக்கரோ ஆக்டிவ் பிக்கப்போ உள்ள கிட்டாரை நேராக மாட்டினாலும் இதே கதை.

லோடின் மேலிருந்து தாங்களே லைன் அவுட் எடுப்பவர்களுக்கு அளவு இது: சிக்னல் கம்பியில் தொடராக 22 கிலோ ஓம், அதன் பிறகு கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம், இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து அவுட்புட். 23-ல் ஒரு பங்கு. 50 வாட் ஆம்பின் 20 வோல்ட் 1 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். கால் வாட் ரெசிஸ்டர் தாராளமாகத் தாங்கும். ஆனால் இது ட்யூப் ஆம்புக்கு மட்டும். பல கிளாஸ் டி ஆம்புகளிலும் பிரிட்ஜ் முறையில் ஓடும் சாலிட் ஸ்டேட் ஆம்புகளிலும் ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்ட் அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. அதை இன்டர்ஃபேஸின் கிரவுண்டோடு இணைத்தால் ஆம்பின் அவுட்புட்டே ஷார்ட் ஆகும். அவற்றுக்கு, ஸ்பீக்கர் லெவலைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் டிஐ பாக்ஸை (சிக்னலை மைக் லெவலுக்கு மாற்றித் தரும் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் (சிக்னல் கிரவுண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஹம்

மைக்கில் ரெக்கார்டு செய்யும்போது வராத ஹம் நேரடி ரெக்கார்டிங்கில் வருவதற்குக் காரணம், ஆம்பும் கம்ப்யூட்டரும் முதல் முறையாக ஒரு கேபிளால் கட்டப்படுவதுதான். எங்கிருந்து வருகிறது என்று வரிசையாகப் பிரித்துப் பார்த்தால் பிடித்துவிடலாம். நாலைந்தை ஒரே நேரத்தில் மாற்றினால் பிடிக்கவே முடியாது.

முதலில் கிட்டாரின் வால்யூம் குமிழைப் பூஜ்யமாக்குங்கள். ஹம் நின்றால் அது பிக்கப் வழியாக வருகிறது. சிங்கிள் காயில் கிட்டாரோடு நாற்காலியில் மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஒரு திசையில் அடங்கி இன்னொரு திசையில் ஏறும். அடங்கும் திசையில் உட்கார்ந்து வாசியுங்கள், ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி. ஹம்மோடு சேர்ந்து கர்ர் என்ற கூர்மையான சத்தம் இருந்தால் ஃபேன் ரெகுலேட்டரை நிறுத்திப் பாருங்கள். சின்னச் சின்ன அளவாகத் தடையில்லாமல் சுழலும் டிம்மர் வகை ரெகுலேட்டர்கள் ஒவ்வொரு அலையையும் நடுவில் வெட்டுவதால் பிக்கப் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். 1, 2, 3 என்று படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர்களில் இந்தத் தொல்லை இல்லை. கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கரகரத்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். கரண்ட் வரும் வரை காத்திருங்கள்.

வால்யூம் பூஜ்யத்திலும் ஹம் இருந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். நின்றதா, கிரவுண்ட் லூப்போ (இரண்டு வழியாக எர்த் ஆகி ஒரு வளையம் உண்டாவது) சார்ஜரின் இரைச்சலோ. மவுஸை நகர்த்தும்போது கீச்கீச்சென்று மாறினால் நிச்சயம் யுஎஸ்பி வழியாக வருவது. ஆம்ப், லேப்டாப், இன்டர்ஃபேஸ் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒரே சுவர் பாயின்ட்டிலிருந்து எடுத்தாலே பாதி வீடுகளில் இது தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஆம்பின் லைன் அவுட்டுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பாஸிவ் டிஐ பாக்ஸ், ரேடியல் ஜேடிஐ போன்றது, வைத்து கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள். டிஐயின் அவுட்புட் மைக் லெவல் என்பதால் அது மைக் இன்புட்டுக்குப் போக வேண்டும்.

எர்த் பின்னை உடைப்பது, டேப் சுற்றுவது, இரண்டு பின் அடாப்டரில் ஆம்பை மாட்டுவது எல்லாம் ஹம்மை நிறுத்தும், ஒருநாள் ஆளையும் நிறுத்திவிடும். ஆம்புக்குள் 230 வோல்ட் மெயின்ஸ் வருகிறது. அதன் ஃபேஸ் ஒயர் கழன்று சேஸிஸைத் தொட்டால், எர்த் இல்லாதபோது அது கிட்டார் கம்பி வழியாகக் கைக்கு வரும். லிஃப்ட் செய்ய வேண்டியது சிக்னல் கிரவுண்டை, மெயின்ஸ் எர்த்தை அல்ல.

கம்பியைத் தொட்டதும் ஹம் லேசாகக் குறைவது சாதாரணம். தொடாதபோது காது கிழியும் அளவு கத்தி, தொட்டதும் அடியோடு நின்றால் வீட்டின் எர்த்தையே சந்தேகப்பட வேண்டும். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் ஒயரே இருக்காது. லேப்டாப்பின் உலோக உடலைத் தடவினால் விறுவிறு என்பதும் அதே அறிகுறியாக இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட்டை ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே ரெக்கார்டு ஆகிவிட்ட ஹம்மை ஃபில்டரால் எடுக்கப் பார்க்கிறவர்கள் கவனிக்க: அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து 60, 120 ஹெர்ட்ஸில் நாட்ச் போட்டால் இங்கே ஒன்றும் நடக்காது. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆக 50, 100, 150. கனடாவில் இருப்பவர்களுக்குத்தான் 60. ஸ்பெக்ட்ரம் அனலைசரில் 50-ஐ விட 100 உயர்ந்து நின்றால், அதுவும் கேபிள் எல்லாம் கழற்றிய பிறகும் ஆம்பின் சொந்த ஸ்பீக்கரிலேயே கேட்டால், பவர் சப்ளை ஃபில்டர் கெப்பாசிட்டர்களுக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். அதை சர்வீஸ்காரரிடம் விடுங்கள். அணைத்த பிறகும் அந்தக் கெப்பாசிட்டர்களில் உயிர்க்கொல்லி வோல்டேஜ் தங்கியிருக்கும்.

இரண்டு டிராக்கைச் சேர்த்தால் சத்தம் மெலிகிறது

தனித்தனியாகக் கேட்டால் குண்டாக இருக்கும் இரண்டு டிராக், சேர்ந்ததும் உள்ளீடற்றுப் போகிறது. ஆம்பின் லைன் அவுட் ஒன்று, கிட்டாரின் நேரடி சிக்னல் இன்னொன்று என்று எடுத்திருப்பீர்கள், அல்லது ஒரே டிராக்கை இரண்டு ஐஆரில் ஓட்டியிருப்பீர்கள். ஒன்றின் போலாரிட்டியை (அலையின் மேடு பள்ளத்தை) தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பேஸ் திரும்பி வந்தால் அவ்வளவுதான் விஷயம். பாதி மட்டும் சரியானால் நேரம் தள்ளியிருக்கிறது. அலையை நன்றாகப் பெரிதாக்கி, ஒரு ஸ்டிரிங்கை அடித்த முதல் மேட்டை இரண்டிலும் பார்த்து ஒன்றை நகர்த்துங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 48 சாம்பிள் ஒரு மில்லிசெகண்டு, அரை மில்லிசெகண்டே 1 கிலோஹெர்ட்ஸைத் தின்றுவிடப் போதும். ஐஆர்களைக் கலக்கும்போது ஒரே நிறுவனத்தின் ஒரே தொகுப்பிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் நேரம் ஒத்துப்போயிருக்கும்.

வாசித்த பிறகு தாமதமாகக் கேட்கிறது, அல்லது இரண்டு முறை கேட்கிறது

இரண்டு முறை கேட்டால் இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரும் மென்பொருளின் மானிட்டரும் ஒன்றாக ஆன். ஐஆர் கம்ப்யூட்டரில் இருந்தால் டைரக்ட் மானிட்டரை அணையுங்கள், அதில் வருவது கேபினெட் இல்லாத கொசு. தாமதத்துக்கு, விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் ஏசியோ டிரைவரைப் (ASIO, தாமதம் குறைந்த டிரைவர்) போட்டு, ரெக்கார்டு செய்யும்போது பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவை கையாளும் சாம்பிள் எண்ணிக்கை) 128-க்கோ 64-க்கோ இறக்குங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்டு, போக வர இரு மடங்கு, அதன் மேல் கன்வெர்ட்டர், யுஎஸ்பி தாமதம். 44.1-ல் 512 வைத்தால் ஒரு வழிக்கே 11.6. இறக்கினால் டிக் டிக்கென்று வெட்டுகிறது என்றால் மாஸ்டர் டிராக்கில் உள்ள கனமான பிளகின்களை மிக்ஸிங் வரை அணைத்து வையுங்கள்.

லோடு பாக்ஸ் பாடுகிறது, சுடுகிறது, வாசனை வருகிறது

ரியாக்டிவ் லோடிலிருந்து நீங்கள் வாசிக்கும் பாட்டே மெல்லிசாகக் கேட்பது இயல்பு. உள்ளே இருக்கும் காயில் அதிர்கிறது. தொட முடிகிற சூடும் இயல்பு, ஏனெனில் ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய வாட் எல்லாம் அங்கே வெப்பமாகிறது. மூடிய அலமாரிக்குள்ளும் மெத்தை மேலும் வைக்காதீர்கள். 50 வாட் ஆம்பை முழுக்கத் திருகினால் அது 50-க்கு மேலேயே தள்ளும் என்பதால் லோடின் தாங்குதிறன் குறைந்தது அதன் இரு மடங்கு இருக்கட்டும். ரெசிஸ்டர் லோடு செய்கிறவர்கள் 100 வாட் என்று எழுதியிருப்பது தகுந்த ஹீட் சிங்கோடு சேர்த்துச் சொன்னது என்பதை மறக்க வேண்டாம், வெறுமனே மேசையில் கிடந்தால் அதில் பாதிகூடத் தாங்காது.

கருகல் வாசனை வந்தாலோ, பவர் ட்யூபின் உலோகத் தகடு செக்கச் சிவந்தாலோ, ஸ்டாண்ட்பை அல்ல, மெயின் சுவிட்சை அணையுங்கள். ஆறிய பிறகு ஓம் சுவிட்சைப் பாருங்கள். 8 ஓம் லோடு 8 ஓம் சாக்கெட்டில்தானா? லோடோடு ஒரு ஸ்பீக்கர் கேபினெட்டும் இரண்டாவது சாக்கெட்டில் மாட்டியிருக்கிறதா? இரண்டு 8 ஓம் பக்கம் பக்கமாகச் சேர்ந்தால் 4 ஓம், அப்போது ஆம்பை 4-க்கு மாற்றியிருக்க வேண்டும். பிறகு மல்டிமீட்டரால் கேபிளை மறுபடி அளந்துவிட்டு, ட்யூபைச் சோதித்த பிறகே திரும்ப ஆன் செய்யுங்கள்.